கிராண்ட் பியானோவின் தந்தி உறைக்கு அளவுத்தாள் தயாரிக்கும் முறை

கிராண்ட் பியானோவின் மூடிக்கு அடியில், தந்திகளுக்கு மேலாக விரிக்கப்படும் மெல்லிய கம்பளி விரிப்பைத் தந்தி உறை என்கிறோம். பியானோ முழுவதையும் வெளியிலிருந்து போர்த்தும் பெரிய உறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பக்கச்சுவர்களுக்கு உள்ளேயே அடங்கிக் கிடப்பது. தூசி தந்திகளின் இடுக்கு வழியே இறங்கி ஒலிப்பலகையில் படியாமல் தடுப்பதே இதன் முதல் வேலை. ஒரு கிராண்ட் பியானோவில் ஏறத்தாழ 230 தந்திகள் நெருக்கமாக ஓடுவதால், அவற்றுக்குக் கீழே படிந்துவிட்ட தூசியைக் கையை நுழைத்துத் துடைத்தெடுக்க வழியில்லை. எஃகுத் தந்திகளில் துரு ஏறுவதையும், தாழ்ந்த சுரங்களுக்குரிய தந்திகளின் மேல் சுற்றப்பட்ட செம்புக்கம்பி கறுப்பதையும் உறை ஓரளவு தாமதப்படுத்தும். அறையின் ஈரப்பதம் திடீரென்று ஏறி இறங்கும்போது அந்த வேகத்தையும் சற்றே தணிக்கும். ஆனால், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு மாற்றாக அதைக் கருத முடியாது.

இத்தகைய உறையை வெட்டித் தருபவர் பெரும்பாலும் உங்கள் பியானோவைப் பார்க்கப்போவதில்லை. தையல்காரரிடம் அளவுச்சட்டை கொடுப்பதைப் போல, நீங்கள் அவருக்கு ஓர் அளவுத்தாளைக் கொடுக்கிறீர்கள். நீளத்தையும் அகலத்தையும் மட்டும் எழுதி அனுப்பினால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. ஸ்டைன்வேயின் ஏ மாடலும் கவாயின் ஜிஎக்ஸ்-3 மாடலும் 188 செ.மீ. நீளம் கொண்டவைதாம்; அதற்காக ஒன்றின் உறை மற்றொன்றில் அமர்ந்துவிடும் என்று எண்ண இடமில்லை. பக்கச்சுவரின் வளைவு, மூடியைத் தாங்கும் கோலின் அடிப்பகுதி பொருத்தப்பட்ட இடம், இசைத்தாள் தாங்கி ஓடும் தண்டவாளங்களின் நீளம் ஆகியவை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பழைய பியானோவாக இருந்து, இடையில் யாரேனும் பழுது பார்த்திருந்தால், அதே மாடலின் இன்னொரு பியானோவோடுகூட அது ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அளவுத்தாள் என்பது பியானோவின் உட்புறத்தைப் பற்றிய வரைபடம் அன்று. உறை எந்த மட்டத்தில், எப்படிக் கிடக்கப்போகிறதோ அந்தக் கிடப்பின் பதிவு. தாள் எங்கேனும் தொய்ந்து பள்ளத்தில் இறங்கியிருக்கும்போது விளிம்பைக் குறித்தால் அந்தக் கோடு பொய்க் கோடாகிவிடும். பின்வரும் படிகளில் பெரும்பாலானவை இந்தத் தொய்வைத் தவிர்ப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

தேவையான பொருள்கள்

பொதி கட்டப் பயன்படும் பிரவுன் பேப்பர் இதற்கு மிகவும் ஏற்றது. செய்தித்தாளின் மை விரலிலும் துணியிலும் ஒட்டும். அது எளிதில் கிழியவும் செய்யும். கனமான அட்டையோ வளைவுகளுக்கு இசைந்து கொடுக்காது. பியானோவின் அகலம் ஏறத்தாழ 150 செ.மீ. என்பதால் ஒரே சுருளின் அகலம் பெரும்பாலும் போதாது. இரண்டு தாள்களை 5 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, இருபுறமும் டேப் ஒட்டி இணைத்துக்கொள்ள வேண்டும். இந்த இணைப்பைத் தரையில் வைத்தே செய்ய வேண்டும். பியானோவின் அளவைவிட எல்லாப் பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். யமஹாவின் 151 செ.மீ. நீளமுள்ள ஜிபி1கே போன்ற சிறிய பியானோவுக்குத் தாளைச் சமாளிப்பது எளிது, 274 செ.மீ. நீளமுள்ள ஸ்டைன்வே டி போன்ற கச்சேரிப் பியானோவாக இருந்தால், உதவிக்கு இன்னொருவர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

சுருளாக இருந்த தாள் சுருண்டுகொள்ளவே பார்க்கும். முந்தைய நாளே அதை எதிர்த்திசையில் ஒருமுறை சுருட்டிப் பிரித்து, தரையில் விரித்து, மேலே பாரம் வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இவை தவிர மென்மையான பென்சில் ஒன்று, தையல்காரர்கள் பயன்படுத்தும் துணி நாடா, மாஸ்கிங் டேப், கத்தரிக்கோல், தபால் அட்டை அளவில் வெட்டிய இருபது முப்பது கெட்டி அட்டைத் துண்டுகள், பெரிய மெல்லிய அட்டை ஒன்று, இரண்டு துவாலைகள் ஆகியவை போதும். எஃகு அளவு நாடா வேண்டாம். அதன் நுனிக் கொக்கி தந்தியையோ மெருகையோ உரசிவிடும்.

மூடியைத் திறத்தல்

மூடியின் கீல்கள் பியானோவின் இடப்பக்கத்து நேர்ச்சுவரில் இருக்கின்றன. தூக்குமுன் அந்தக் கீல்களில் ஆணிகள் முழுமையாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடம் மாற்றுவதற்காகவோ பழுதுபார்ப்பதற்காகவோ ஆணிகளை உருவியவர்கள் திரும்பச் செருக மறந்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட மூடியை வலப்பக்கத்திலிருந்து தூக்கினால் அது அப்படியே சறுக்கி இடப்பக்கம் விழும். ஆணிகளைச் சரிபார்த்த பிறகு, முன்மடிப்பைப் பின்னால் மடித்து, மூடியை உயர்த்தி, நீளமான தாங்குகோலை அதற்குரிய குழியில் நிறுத்துங்கள். குட்டைக்கோலில் நிறுத்திவிட்டு உள்ளே குனிந்து வேலை செய்வது தலைக்கும் நல்லதன்று, பியானோவுக்கும் நல்லதன்று.

அடுத்து இசைத்தாள் தாங்கியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான பியானோக்களில் அதை மடித்து, உங்களை நோக்கி இழுத்தால் தண்டவாளத்திலிருந்து வெளியே வந்துவிடும். வராவிட்டால் பலத்தைக் காட்டாமல், தடுப்பு ஆணி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றுவதற்கு முன் அது வழக்கமாக நிற்கும் இடத்தையும், பின்னால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு பிறகு தேவைப்படும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, சட்டைப்பையைக் காலி செய்துவிட வேண்டும். இடுப்புவாரின் கொக்கியும் சட்டைப் பொத்தான்களும் மெருகில் கீறல் போடும் என்பதால் நீங்கள் சாயப்போகும் விளிம்பின்மேல் துவாலையை விரியுங்கள். கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகும் தந்திகளை விரலால் தொடாமல் இருப்பதே சரி. வியர்வை பட்ட இடத்தில் துரு தொடங்கும். கத்தரிக்கோலும் கத்தியும் பியானோவின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரவே கூடாது. குண்டூசிக்கும் இங்கே வேலையில்லை. பென்சிலின் மறுமுனையில் நாடா கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். ஒலிப்பலகைமேல் விழுந்த பென்சிலை வளைந்த கம்பியால் அரைமணி நேரம் துழாவி எடுத்த பிறகு நானும் அப்படித்தான் கட்டிக்கொள்கிறேன்.

தாளை விரித்தல்

உள்ளே பார்த்தால், வார்ப்பிரும்புச் சட்டத்தின் கைகள் தந்திகளைவிட உயரமாக முன்னும் பின்னுமாக ஓடுவதைக் காணலாம். அவற்றுக்கு நடுவே, விசைப்பலகைக்குச் சற்றுப் பின்னால், வரிசையாக நிற்கும் கறுப்புத் தலைகள் டேம்பர்கள். மிக உயர்ந்த ஏறத்தாழ இருபது சுரங்களுக்கு மட்டும் அவை இரா. டேம்பர் ஒவ்வொன்றும் மெல்லிய கம்பியின்மேல் நிற்கிறது. கம்பி சற்றே வளைந்தாலும் அந்தச் சுரம் சரியாக அடங்காமல் இரையும். ஆகையால், தாளை டேம்பர்களின்மேல் இழுத்துக்கொண்டு போகாமல், இருவர் இரு முனைகளைப் பிடித்துத் தூக்கி, மேலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். தாள் நகராமலிருக்கப் பாரம் வைப்பதாயின், மணல் நிரப்பித் தைத்த சிறு துணிப் பைகளை இரும்புச் சட்டத்தின் கைகளின்மேல் மட்டும் வையுங்கள். டேம்பர்மேல் எதையும் வைக்கக் கூடாது.

முதலில் பொருத்த வேண்டியது இடப்பக்கத்து நேர்ச்சுவர். மூடி அங்கிருந்துதான் எழும்புகிறது என்பதால், அந்தப் பக்கம் குறுகலான ஆப்புபோல இருக்கும். கையை நீட்டிக் கோடு போடுவது கடினம். இதற்கு எளிய வழி, ஆலையில் வெட்டப்பட்டு நேராக வந்த தாளின் ஓரத்தையே அந்தச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுவது. அப்போது அங்கே குறிக்க வேண்டிய வேலையே இல்லை. அந்த ஓரமே மற்ற எல்லா அளவுகளுக்கும் அடிக்கோடாகவும் ஆகிவிடுகிறது. சுவர் முழு நீளத்துக்கும் நேராகத்தான் போகிறதா என்பதை முன்பக்கத்திலிருந்தும் வால்பக்கத்திலிருந்தும் கண்ணால் நோக்கி உறுதிசெய்துகொள்ளுங்கள். வாலை நெருங்கும் இடத்தில் சுவர் வளையத் தொடங்கினால், அந்தப் புள்ளியை மட்டும் தாளில் குறிக்க வேண்டும்.

முன்பக்க விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் பின்களையும் சேர்த்து மூடும்படி உறையை முன்னால் கொண்டுவரலாம். அல்லது இசைத்தாள் தாங்கிக்குப் பின்னாலேயே நிறுத்திவிடலாம். முதல் முறையில் தூசிப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்கும். ஆனால், தாங்கியின் அடிப்பகுதிக்கும் கீழே கிடக்கும் துணிக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் தாங்கியை நகர்த்தும்போதெல்லாம் அது உறையைச் சுருட்டிக்கொண்டு போகும். என்னைக் கேட்டால், இடைவெளி 1 செ.மீ. ஆவது இருந்தால் முதல் முறையையே சொல்வேன். பின்கள் நிற்கும் பகுதிதான் திறந்தே கிடந்து அதிகமாகத் தூசி வாங்குகிறது.

வளைந்த பக்கம்

நேரம் பிடிப்பது வலப்பக்கத்து வளைவு. அவசரப்படுகிறவர்கள் தாளைச் சுவரோடு அழுத்தி, நகத்தால் மடிப்புத் தடம் போட்டு, அந்தத் தடத்தையே கோடாக எடுத்துக்கொள்வார்கள். நேரான சுவரில் இது நடக்கும். வளைவில், அழுத்தப்படும் தாள் சுருங்கி மடிந்து உள்ளே இழுக்கப்படுவதால் தடம் ஓரிடத்தில் சுவரை ஒட்டியும் அடுத்த இடத்தில் 1 செ.மீ. தள்ளியும் விழும். துணியை வெட்டிய பிறகுதான் அது தெரியவரும்.

நான் பரிந்துரைப்பது அட்டைத்துண்டு முறை. முதலில் தாளைச் சுவர்மேல் ஏறவிட்டு, வளைவைக் கண்ணளவில் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். தாளை வெளியே எடுத்துத் தரையில் விரித்து, அந்தக் கோட்டுக்கு 3 செ.மீ. உள்ளே வரும்படி வெட்டிவிடுங்கள். மறுபடியும் பியானோவுக்குள் இறக்கி, நேர்ச்சுவரோடு பழையபடி பொருத்தினால், வளைந்த சுவருக்கும் தாளுக்கும் இடையே விரலளவு இடைவெளி இருக்கும். இப்போது அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் குறுகிய ஓரம் சுவரைத் தொடும்வரை தள்ளி, மற்ற முனையைத் தாளோடு டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்த துண்டை அதற்குப் பக்கத்தில் வையுங்கள். வளைவு கூர்மையாக உள்ள இடங்களில் குறுகலான துண்டுகளை நெருக்கமாகவும், ஏறக்குறைய நேராகப் போகும் இடங்களில் அகலமான துண்டுகளைச் சற்றே விட்டுவிட்டும் ஒட்டலாம். ஒவ்வொரு துண்டும் கெட்டியாக இருப்பதால் அது தொய்யாது. தாளின் சுருக்கமும் அதைப் பாதிக்காது. டேப்பைத் தாளின்மேல் மட்டுமே ஒட்ட வேண்டும். பியானோவின் மெருகிலோ தந்தியிலோ பட்டால் பசை தங்கிவிடும்.

எல்லாத் துண்டுகளும் ஒட்டியானதும், முழுத் தாளையும் இருவராகத் தூக்கி, புதிய பெரிய தாளின்மேல் வைத்து, துண்டுகளின் நுனிகளைப் புள்ளிகளாகக் குறித்து, புள்ளிகளை ஒரே வீச்சில் ஓடும் கோடாக இணைக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து விலகி நின்றால் அது அளவில் நேர்ந்த பிழையாகவே இருக்கும்; பியானோவின் பக்கச்சுவர் பல மரத்தகடுகளை ஒட்டி வளைத்துச் செய்யப்படுவது, அதில் திடீர் மேடு பள்ளம் வராது.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. தாளின் விளிம்புக்கு அடியில் பெரிய மெல்லிய அட்டையைச் செருகி, பென்சிலைச் செங்குத்தாகச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்தினால் வளைவு தானாகவே விழும். பென்சிலின் தடிமன் ஏறத்தாழ 7 மி.மீ. என்பதால், முனை போடும் கோடு சுவரிலிருந்து 3 முதல் 4 மி.மீ. உள்ளே இருக்கும். உறைக்கு வேண்டிய இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பது இதில் கிடைக்கும் வசதி. அட்டையை வரையும் இடத்துக்கு மட்டும் செருகி, டேம்பர்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்பகுதியை வளைவைப் போலவே குறித்தால் போதும்.

தாங்குகோல்களும் தண்டவாளங்களும்

தாங்குகோலின் அடிப்பகுதி வலப்பக்கச் சுவரின் உட்புறத்தில் இருக்கிறது. நீளக்கோல், குட்டைக்கோல் என ஒன்றுக்கு மேற்பட்ட கோல்கள் இருக்கலாம். மூடி திறந்திருக்கும்போது கோல் நிற்கும் இடத்தைக் குறிப்பது மட்டும் போதாது. மூடியை இறக்கியதும் கோல் எந்தப் பக்கம் சாய்ந்து, எந்த உயரத்தில் படுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உதவியாளர் மூடியைக் கையால் தாங்கியபடி இருக்க, கோலை மெதுவாகப் படுக்கவைத்து, அதன் நிழல்போல் ஒரு கோட்டுருவத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கோல் துணியின்மேல் படுக்கப்போகிறதென்றால் விளிம்பிலிருந்து ஒரு சிறு வெட்டு போதும். துணிக்குக் கீழே போகப்போகிறதென்றால் அகலமான வெட்டுவாய் தேவைப்படும்.

இசைத்தாள் தாங்கியின் தண்டவாளங்களை இருபுறமும் அவற்றின் முழு நீளத்துக்கும் குறித்து, முதலில் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து, தாங்கியின் முன்னெல்லையையும் பின்னெல்லையையும் புள்ளிக்கோடுகளாகப் போடுங்கள். டேம்பர் வரிசை தொடங்கும் இடம், முடியும் இடம் ஆகியவற்றையும் குறித்துவிட்டால், அந்தப் பகுதியில் துணிக்கு மேல் தையலோ பாரமோ வராதபடி வெட்டுபவர் பார்த்துக்கொள்வார். இலேசான உறையை விரித்தபடியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். வாசிக்கும்போது அதைச் சுருட்டி எடுத்துவிடுவது என் வழக்கம். ஒலி மூடுண்டு கேட்பது எனக்குப் பிடிப்பதில்லை. எடுத்து விரிப்பது எளிதாக இருக்க வேண்டும் என்பவர்கள், உறையை இரண்டு துண்டுகளாக வெட்டச் சொல்லலாம். அப்படியானால் பிரியும் கோட்டை இரும்புச் சட்டத்தின் ஒரு கையின்மேல் விழும்படி அமைப்பது நல்லது. இரு விளிம்புகளுக்கும் அடியில் தாங்கல் கிடைக்கும்.

இடைவெளியும் தையல் அளவும்

உறை சுவரோடு இறுகிப் பொருந்தினால் ஓரத்தில் எழும்பி நிற்கும். ஆகவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி வேண்டும். இந்த இடைவெளியை அளவுத்தாளில் நீங்கள் கழித்துவிட்டீர்களா, துணியை வெட்டுபவர் கழிக்க வேண்டுமா என்பதைத் தாளின்மேலேயே ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். இருவரும் கழித்தால் உறையைச் சுற்றி 1 செ.மீ. வரை திறந்து கிடக்கும். இருவரும் விட்டுவிட்டால் அது உள்ளே அமராது. கம்பளி ஃபெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரியாது என்பதால் அதற்குத் தையல் மடிப்பு தேவையில்லை. நெய்த துணியாக இருந்தால் சுமார் 1.5 செ.மீ. மடிப்புக்கு விட வேண்டியிருக்கும், ஆனால் அந்தக் கணக்கைத் தைப்பவரிடமே விட்டுவிட்டு, முடிந்த பின் உறை இருக்க வேண்டிய அளவை மட்டும் நீங்கள் காட்டுங்கள்.

எழுத வேண்டியவை

அளவுத்தாளைத் தலைகீழாகப் புரட்டினால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிய வடிவம் கிடைக்கும். இருபுறமும் ஒரே மாதிரியான ஃபெல்ட்டில் இதனால் நட்டமில்லை. ஒரு புறம் வேறு நிறமோ, பெயர்ப் பூவேலையோ உள்ள துணியானால் உறை வீணாகிவிடும். அதனால் நடுவில் பெரிய எழுத்தில் ‘இது மேல்பக்கம்’ என்றும், ஓரங்களில் ‘விசைப்பலகைப் பக்கம்’, ‘நேர்ச்சுவர்’, ‘வளைந்த பக்கம்’, ‘வால்’ என்றும் எழுதுங்கள். பியானோவின் தயாரிப்பாளர், மாடல், தேதி ஆகியவையும் இருக்கட்டும்.

தாளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; ஈரக்காற்றில் தாள் சற்று விரியும். நேர்ச்சுவர்க் கோட்டில் முன்விளிம்பிலிருந்து 30 செ.மீ. க்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வளைந்த சுவர்வரை உள்ள செங்குத்துத் தூரத்தைப் பியானோவிலேயே துணி நாடாவால் அளந்து, அந்த எண்ணைத் தாளில் அதே இடத்தில் எழுதுங்கள். தாளின் அளவும் எண்ணும் 5 மி.மீ. க்குமேல் வேறுபட்டால் அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். மூலையில் சரியாக 50 செ.மீ. நீளமுள்ள நேர்கோடு ஒன்றையும் போட்டுவைத்தால், தாள் விரிந்ததா சுருங்கியதா என்பதை வெட்டுபவர் தம் அளவுகோலை வைத்துத் தெரிந்துகொள்வார்.

ஒத்துப் பார்த்தல்

வெட்டிய அளவுத்தாளைப் பியானோவுக்குள் விரித்து, எழும்பி நிற்கும் ஓரம் இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். இசைத்தாள் தாங்கியை அதன் இடத்தில் செருகி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பிறகு மூடியை மெதுவாக இறக்கி, மறுபடி உயர்த்தி, கோல் படுத்து எழுந்ததில் தாள் கிழிந்ததா, நகர்ந்ததா என்று கவனியுங்கள். கடைசியாக, வலப்பக்கத்து மிதியை அழுத்தினால் டேம்பர்கள் எல்லாம் ஒன்றாக எழும். அப்போது அவை தாளை எங்கே, எவ்வளவு உயர்த்துகின்றன என்பது தெரியும். பக்கவாட்டில் எங்கேனும் தாள் இறுகி அவற்றைத் தடுத்தால், அந்த ஓரத்தில் இன்னும் 2 மி.மீ. குறைக்க வேண்டும்.

திருத்தங்கள் முடிந்த தாளை மடிக்காமல் சுருட்டி, குழாயில் இட்டு அனுப்புங்கள். மடிப்புக் கோடுகளை வெட்டுக்கோடு என்று யாரேனும் நினைத்துவிடக் கூடும். அனுப்புமுன் அதே வடிவத்தை இன்னொரு தாளில் பிரதியெடுத்து வைத்துக்கொண்டால், உறை வந்து சேர்ந்ததும் அதை முதலில் பியானோவில் வைத்துப் பார்க்காமல் தரையில் அந்தப் பிரதியின்மேல் விரித்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.